எட்டுக்குப் பன்னிரண்டு

நவம்பர் 9, 2024, சனி. சியாட்டில்

மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரமாகிறது. சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் பெரிய வீடு. பகலெல்லாம் அதில் நானும் மனைவியும் மட்டும்தான் நடமாடுகிறோம், மாப்பிள்ளை ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசுகிறார், மகள் இன்னொரு அறையில். வெளியே மழை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை, சல்லடையில் சலித்த மாதிரி நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கிறது, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. முப்பத்தைந்து வருஷம் கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தவனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால் என்ன ஆவான்? "அப்பா, என் ஆபீஸ்ல ஒருத்தங்க சனிக்கிழமைல வீடு கட்டப் போறாங்க, நீங்களும் போறீங்களா?" என்று மகள் கேட்டதும் யார் வீடு, என்ன வீடு என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன்.

சியாட்டிலுக்குத் தெற்கே, கிடங்குகளாக நிற்கும் ஒரு பகுதி. பெரிய கொட்டகைக்குள் வரிசையாக மர வீடுகள். ஒன்றில் தரைச்சட்டம் மட்டும், ஒன்றில் சுவர் எழும்பிவிட்டது, ஒன்றுக்கு இலைப்பச்சை பெயின்ட் ஓடிக்கொண்டிருந்தது. தெருவோரம் கூடாரத்தில் கிடப்பவர்களைக் கொண்டுவந்து தங்கவைக்கத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் குட்டி வீட்டுக் கிராமங்களுக்கு இவை போகின்றன. கட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். விமானத் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் இறக்கைக்கு ரிவெட் அடித்ததாகச் சொன்ன ஒருவர் கூரைத் தகட்டுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார், அவருடைய கை வேகத்தை நின்று பார்க்கலாம்.

எட்டடிக்குப் பன்னிரண்டடி. தொண்ணூற்றாறு சதுர அடி. ஏன் இந்த அளவு என்று கேட்டேன். 120 சதுர அடிக்குள் இருந்தால் கட்டட அனுமதி வாங்க வேண்டாம், தோட்டத்தில் மண்வெட்டி போட்டுவைக்கும் கொட்டகையோடு சேர்த்தி. அகலம் எட்டைத் தாண்டாததற்கு வேறு காரணம்: சாலையில் போகும் வண்டியின் அகலம் எட்டரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்குள் அடங்கினால்தான் முழு வீட்டையும் லாரியில் தூக்கி வைத்துத் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். ஆக ஒரு மனிதன் காலை நீட்டிப் படுக்கும் இடத்தை நிர்ணயித்தது ஒரு சட்டப் பிரிவும் ஒரு லாரியும். எனக்கு இது பிடித்திருந்தது. எங்கள் தொழிலில் எல்லா அளவுக்கும் பின்னால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

என்னைச் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு திணிக்க விட்டார்கள். கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக் கதவு நிலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், அரை இஞ்ச் சாய்வு. சொல்லலாமா வேண்டாமா என்று பத்து நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னேன். பொறுப்பாளர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார், ரசமட்டத்தைப் பார்த்தார், "நல்லது, நீங்களே கழற்றி மாட்டிவிடுங்கள்" என்று சுத்தியலைக் கையில் கொடுத்துவிட்டார். மத்தியானம் வரை அதே வேலை. இடது கட்டைவிரலில் ஓர் அடி வேறு, நகம் கறுத்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பெரிய அண்டாவில் பீன்ஸ் குழம்பு மாதிரி ஒன்று வந்தது. மாட்டிறைச்சி போட்டதா என்று கேட்டேன், அது இல்லாமல் இதைச் செய்வார்களா என்று சிரித்தார்கள். எனக்கு ரொட்டியும் வாழைப்பழமும்.

நவம்பர் 10, ஞாயிறு. சியாட்டில்

கட்டைவிரல் வலியோடு தனியாக பஸ் பிடித்து நகரத்துக்குள் போனேன். மனைவி குடையைக் கொடுத்தனுப்பினாள். சியாட்டில்காரர்கள் குடை பிடிப்பதில்லை, தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நனைகிறார்கள், குடை வைத்திருப்பவன் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடுமாம். தெரியட்டும்.

பயனியர் ஸ்கொயர் பகுதியில் யெஸ்லர் வே என்று ஒரு சரிவான தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேட்டிலிருந்து மரங்களை உருட்டிச் சறுக்கவிட்டு, கீழே கடலோரம் ஹென்றி யெஸ்லர் வைத்திருந்த மரவாடிக்குக் கொண்டுவந்த பாதை. மரம் சறுக்கும் பாதை என்பதால் ஸ்கிட் ரோடு. மர வேலை குறைந்த நாட்களில் கூலியில்லாதவர்கள் இந்தத் தெருவில்தான் கிடந்தார்கள். பிற்பாடு அமெரிக்கா முழுக்க ஏழைகள் ஒண்டிக்கிடக்கும் பகுதிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் இன்று கப்பல் சரக்குப் பெட்டிகள் நிற்கும் துறைமுக நிலம். 1931-இல் பொருளாதாரம் படுத்தபோது வேலை போனவர்கள் அங்கே தகரத்தாலும் உடைந்த பலகையாலும் குடிசை போட்டார்கள். நகராட்சி இரண்டு முறை கொளுத்தியது, இரண்டு முறையும் திரும்பக் கட்டினார்கள், பிறகு நகராட்சி விட்டுவிட்டது. அன்றைய ஜனாதிபதியைக் குத்திக்காட்டி ஹூவர்வில் என்று பெயர். 1934-இல் டொனால்ட் ராய் என்ற சமூகவியல் மாணவர் அங்கேயே ஒரு குடிசை வாங்கித் தங்கி ஆள் கணக்கு எடுத்தார்: 639 பேர், அதில் பெண்கள் ஏழு பேர். ஜெஸ்ஸி ஜாக்சன் என்ற வேலையிழந்த மரவெட்டி ஊருக்கு மேயர் மாதிரி பஞ்சாயத்துப் பேசினார். 1941-இல் முழுக்க எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். தற்காலிகக் குடிசைகள், பத்து வருஷம்.

தெருவில் கூடாரங்கள் இன்றும் இருக்கின்றன. 2015 நவம்பரில் நகரமே இதை அவசரநிலை என்று அறிவித்தது, ஒன்பது வருஷமாகிவிட்டது. ஒரு கூடாரத்துக்கு வெளியே இரண்டு ஜோடி செருப்பு ஒழுங்காக, மூக்கு வெளியே பார்த்தபடி வைத்திருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது, உள்ளேயிருந்து ஒரு குரல், "என்ன வேணும்?" ஒன்றுமில்லை, மன்னிக்கவும் என்று நகர்ந்துவிட்டேன். நம் வீட்டு வாசலில் ஒருவன் வந்து செருப்பைப் பார்த்தால் நாமும் அப்படித்தான் கேட்போம்.

மத்தியானம் தெரியாக்கி என்ற ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் டோஃபு போட்ட சாதம், வரியும் டிப்ஸும் சேர்த்துப் பத்தொன்பது டாலர். ஊர்ப்பணத்துக்கு மாற்றிப் பார்ப்பதை இனி நிறுத்த வேண்டும், சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

நவம்பர் 12, செவ்வாய். சியாட்டில்

கிராமம் ஒன்றுக்குள் போனேன். அலமாரிப் பலகைகள் இறக்க ஆள் வேண்டும் என்று மகளின் தோழி கூப்பிட்டார். பெயரையும் இடத்தையும் எழுத வேண்டாம், போட்டோ கூடாது என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டார்கள். இந்த நகரத்தில் இப்படிப்பட்ட கிராமங்களை அதிகமாக நடத்துவது லோ இன்கம் ஹவுசிங் இன்ஸ்டிட்யூட் என்ற தொண்டு நிறுவனம், 1991-இல் தொடங்கியது. சிறியதாக நடத்துகிறவர்களும் உண்டு.

வேலி, ஒரு வாசல், வாசலில் இருபத்துநான்கு மணி நேரமும் ஆள். உள்ளே இரண்டு வரிசை வீடுகள், நடுவில் மரத்துகள் பரப்பிய பாதை. வீட்டுக்குள் கரன்ட், ஹீட்டர், ஜன்னல், பூட்டு. தண்ணீர் கிடையாது, கழிப்பறையும் குளியலறையும் பொது. சமையலறையும் பொது. பெரிய தங்குமிடங்களுக்குப் போக மறுப்பவர்கள் இங்கே வருவதற்கு மூன்று காரணம் சொன்னார்கள்: நாய், துணை, மூட்டை. அங்கே நாயை விட மாட்டார்கள், புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துப் படுக்க வைப்பார்கள், சாமானுக்கு இடமில்லை, காலையில் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரால் வேலை தேடப் போக முடியும்?

சமையலறையில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. யார் எந்தக் கிழமை பாத்திரம் தேய்க்க வேண்டும், குப்பை யார், கழிப்பறை யார். வியாழக்கிழமைக்கு எதிரே இருந்த பெயரை அடித்துவிட்டு யாரோ "பொய்க்காரன்" என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே வேறு கையெழுத்தில், "அவனுக்கு முதுகு வலி, நான் செய்கிறேன்." கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐம்பது ஐம்பத்தைந்து வயசு ஒரு அம்மா, கையில் காபியோடு வந்து, "நீங்க வீடு கட்டற ஆளா? என் கதவு மழையில ஊதிப்போய்ச் சாத்த மாட்டேங்குது" என்றார். என்னைப் பொறுத்தவரை இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. இழைப்புளி ஒன்று தேடிக் கொண்டுவந்தார்கள், கதவைக் கழற்றி அடிப்பக்கம் இழைத்து, கீலை ஒரு நூல் தள்ளிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரம். அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு காபி, கூடவே உறையில் சுற்றிய பிஸ்கட் இரண்டு. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார் என்று தெரிந்தது, வாங்கிக்கொண்டேன்.

கதவு டக்கென்று சாத்தியதும் அவர் கேட்டார்: "இதை எத்தனை நாளைக்கு இருக்கணும்னு நெனச்சுக் கட்டறீங்க?"

பலகைக்கு எத்தனை வருஷம் ஆயுள் என்று கேட்கிறார் என நினைத்துக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையாட்டி, "இல்ல, நான் எத்தனை நாள்" என்றார். ஒன்பது மாசமாக இருக்கிறாராம். அடுத்த வீட்டுக்குப் பட்டியலில் பெயர் இருக்கிறதாம், கூப்பிடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது 2005 ஞாபகம் வந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் தற்காலிகக் குடியிருப்பு போட்ட ஒரு ஒப்பந்தக்காரரிடம் நான் சைட்டில் நின்றேன். தார் ஷீட் கூரை, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் அறைகள். ஆறு மாசத்துக்குத்தானே என்றார் அவர், நானும் சரி என்றேன். சித்திரை வெயிலில் உள்ளே மனுஷன் உட்கார முடியாது, பிள்ளைகள் படகு நிழலில் கிடந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோதும் அதே அறைகளில் அதே ஜனங்கள் இருந்தார்கள், ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டு டீ வேறு போட்டுக் கொடுத்தாள். எத்தனை நாளைக்குக் கட்டினாய் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறு மாசம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ராத்திரி மகளிடம், தெற்கே நாலு ஊர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "அப்பா, ஊர் சுத்திப் பாக்கறதுன்னா எல்லாரும் அருவி பாப்பாங்க" என்றாள். ஆனாலும் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள், நாலு இடத்துக்கு மின்னஞ்சலும் எழுதிக் கொடுத்தாள். பதில் வந்தது இரண்டு.

நவம்பர் 14, வியாழன். ஒலிம்பியா

ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். காரணம் முதலில் சரக்கு வண்டி என்றார்கள், அப்புறம் சிக்னல் என்றார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி கட்டிக் கொடுத்த சப்பாத்தியில் பாதி சியாட்டில் ஸ்டேஷனிலேயே தீர்ந்தது.

ஒலிம்பியாவின் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே லேசி பக்கம் காட்டுக்கு நடுவே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது ஊர்த் தொண்டர்கள். என்னைவிட மூத்த ஒருவர் பெட்டி தூக்க வந்தார், எனக்குத்தான் கூச்சம். பஸ்ஸில் ஏறிச் சில்லறை எடுத்தால் டிரைவர் கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னார். 2020 முதல் இந்த ஊர் பஸ்ஸில் யாரிடமும் டிக்கெட் வாங்குவதில்லையாம்.

கீஹோட்டே கிராமம். காற்றாலையோடு சண்டை போட்ட ஸ்பானிய நாவல் வீரர் டான் கீஹோட்டேயின் பெயர், நடத்தும் தொண்டு நிறுவனத்துக்கு முதலில் வைத்தது அவருடைய உதவியாளன் பெயர்: பான்சா. 2007-இல் நகரின் நடுவே ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் அடித்தவர்கள்தான் ஆரம்பம். துரத்தியதும் ஒரு தேவாலயம் இடம் கொடுத்தது. ஆனால் ஒரே இடத்தில் தொண்ணூறு நாள்தான் என்று விதி, அப்புறம் அடுத்த தேவாலயம், அடுத்தது என்று கூடாரத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கொண்டுபோய் ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். கவுன்டி நிர்வாகம் வருஷத்துக்கு ஒரு டாலர் குத்தகைக்கு நிலம் கொடுக்க, 2013 டிசம்பரில் முப்பது வீடுகள் எழும்பின. ஒவ்வொன்றும் 144 சதுர அடி, உள்ளேயே கழிப்பறை. குளியலும் சமையலும் துணி துவைப்பதும் பொதுக் கட்டடத்தில். வருமானத்தில் முப்பது சதவீதம் வாடகை, வருமானம் இல்லையென்றால் அதற்கேற்ப.

இங்கே நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஒன்றை: வீட்டுக்கு முன்னால் திண்ணை. வரைபடம் போடும்போது குடியிருக்கப் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டினால் செலவு மிச்சம், ஆனால் அவர்கள் தனித்தனியாக வேண்டும், முன்னால் உட்கார இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். மழைக்கு ஒதுங்கிய ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் திண்ணைக்காரரோடு கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், இருபதடிதான். இரண்டு பேரும் எழவில்லை. அதுதான் திண்ணையின் சுகம்.

எத்தனை நாள் என்று நானும் கேட்டுவைத்தேன். பொதுக் கட்டடத்தில் பேசிய ஊழியர், "இது நிரந்தரம், தற்காலிகம் இல்லை" என்றார். "அதனால்தான் இங்கே இடம் காலியாவதே இல்லை" என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

நவம்பர் 15, வெள்ளி. போர்ட்லண்ட்

ஆரிகன் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது, பன்னிரண்டு டாலர் என்று போட்டிருந்தால் பன்னிரண்டு டாலர்தான். மூன்று நாளில் முதல்முறையாகச் சாப்பாட்டுக் கணக்கு நேரானது. வண்டிக்கடையில் ஃபலாஃபெல், நம் மசால் வடைக்குத் தூரத்துச் சொந்தம். பச்சைமிளகாய் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைக்காரர் கண்ணை உருட்டி ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார், நான் ஊற்றிய அளவைப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம், வீடியோ எடுத்துக்கொள்ளவா என்றார். காசு கொடுத்துவிட்டேன்.

கென்டன் என்ற பகுதிக்குப் போக ரயில். இறங்கியதும் முப்பத்தோரு அடி மரவெட்டிச் சிலை, கட்டம் போட்ட சட்டை, கையில் கோடரி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. சியாட்டில் சறுக்குத் தெருவில் கிடந்தவர்களும் இந்தத் தொழில்காரர்கள்தானே என்று தோன்றியது. அவர்களுக்கு யார் சிலை வைத்தார்கள்?

பெண்களுக்கு மட்டுமான கிராமம் இங்கே 2017-இல் பதினான்கு குட்டி வீடுகளோடு தொடங்கியது. போர்ட்லண்ட் அரசுப் பல்கலைக்கழகமும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து ஆளுக்கொரு வடிவத்தில் கட்டினார்கள், நடத்தியது கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு. வருவதற்கு முன் அக்கம்பக்கத்தார் கூடி வாக்கெடுத்து, சரி என்றார்கள். இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா ஊரிலும் நல்ல காரியம்தான், என் தெருவில் மட்டும் வேண்டாம் என்பதே வழக்கம். இரண்டு வருஷத்தில் அந்த நிலத்தில் மலிவு வாடகைக் குடியிருப்பு கட்டுவதற்காகக் கிராமம் வேறு இடத்துக்குப் பெயர்ந்தது. தற்காலிகம் போன இடத்தில் நிரந்தரம் வந்தது, நான் பார்த்த வரை இந்தப் பக்கம் இப்படி நடந்தது இது ஒன்றுதான்.

புது இடத்தைத் தேடிப் போனேன். என் மின்னஞ்சலுக்குப் பதில் தராத இரண்டில் இதுவும் ஒன்று, போயிருக்கவே கூடாது. வாசலில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, "முன்கூட்டிச் சொல்லாமல் ஆண்கள் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது, ஐயா" என்றார். அவருடைய ஆங்கிலத்தில் இருந்த மரியாதைக்கு "ஐயா"தான் சரி. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். நல்ல ஏற்பாடு. உள்ளே இருப்பவர்கள் எதிலிருந்து தப்பி வந்திருப்பார்களோ, குடையும் நோட்டுப்புத்தகமுமாக ஒரு கிழவன் எட்டிப் பார்ப்பது அவர்களுக்கு எதற்கு?

திரும்பும் வழியில் ஒரு பள்ளத்தில் கால் வைத்து இரண்டு ஷூவும் நிறைந்துவிட்டது. காலுறை ஜோடி பதினாலு டாலர், வரியில்லாமல்.

நவம்பர் 16, சனி. போர்ட்லண்ட்

டிக்னிட்டி வில்லேஜ். பஸ் இறங்கி நாற்பது நிமிஷம் நடை, பக்கத்தில் விமான நிலையம், தலைக்கு மேல் சக்கரம் தெரிய விமானங்கள் இறங்குகின்றன. ஒரு பக்கம் சிறை, இன்னொரு பக்கம் நகராட்சி இலைகளைக் கொட்டி உரமாக்கும் முற்றம். ஈர இலை மக்கும் வாடை. ஊரார் பார்வை படாத இடத்தைத்தான் இவர்களுக்கு ஒதுக்குவார்கள் என்பதற்கு வரைபடமே போதும்.

2000 டிசம்பரில் பாலங்களுக்கு அடியில் கூடாரங்களாக ஆரம்பித்து 2001-இல் இங்கே வந்தவர்கள். கிராமமே தன்னைத் தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டது, நிர்வாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகபட்சம் அறுபது பேர். ஐந்து விதிகள்: அடிதடி கூடாது, திருட்டு கூடாது, உள்ளேயும் சுற்றுவட்டத்திலும் மது, போதை கூடாது, அடுத்தவரைத் தொந்தரவு செய்யும் ரகளை கூடாது, கிராம வேலையில் எல்லாரும் பங்கெடுக்க வேண்டும்.

என்னைக் கூட்டிப்போனவர் தாடிக்காரர், அதிகம் பேசவில்லை. வீடுகள் ஒன்றுபோல் ஒன்றில்லை, கிடைத்ததைக் கொண்டு கட்டியவை. ஒரு வீட்டின் ஜன்னல் பழைய பஸ் ஜன்னல் போலிருந்தது. ரசமட்டத்தை வைத்தால் எதுவும் நேராக இருக்காது, ஆனால் யார் கட்டினார்களோ அவர்கள் அதிலேயே குடியிருந்திருக்கிறார்கள், கூரை ஒழுகும் மூலை எது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் இரண்டு வருஷம்தான் இருக்கலாம் என்பது ஒப்பந்தம். "யார் சரியா ரெண்டு வருஷத்துல போறாங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மேலே போன விமானத்தைக் காட்டினார், சத்தம் அடங்கியதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஆரிகன் சட்டத்தில் இந்த இடத்துக்குப் பெயர் வீடு இல்லை, முகாம். இருபத்துமூன்று வருஷ முகாம்.

கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுக்கலாமா என்று தயங்கினேன். அதைக் கவனித்தவர் போல அவரே, "குளிர்ல வந்திருக்கீங்க, பஸ் ஸ்டாப் வரை சைக்கிள் வேணுமா, யாராவது எடுத்துட்டு வந்துடுவாங்க" என்றார். அறுபத்தாறு வயசில் ஈரச் சாலையில் சைக்கிள் ஓட்டப் பயம். நடந்தேன். மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு. யூஜின்

ஜலதோஷம், தலைவலி. பாதி நாள் அறையில் படுத்தேன், சுக்குக் காபி கேட்டு யாரிடம் போவது. இஞ்சி டீ என்று ஒன்று கொடுத்தார்கள், இஞ்சி பக்கத்துத் தெருவில் இருந்திருக்கும்.

ஆப்பர்ச்சுனிட்டி வில்லேஜ் 2013-இல் தொடங்கியது, ஒரு ஏக்கர் நகராட்சி நிலம், முப்பது வீடுகளுக்குப் பக்கம், அறுபது முதல் எண்பது சதுர அடி. சியாட்டில் வீடு இதற்கு மாளிகை. 2011-இல் பணக்கார ஆதிக்கத்தை எதிர்த்துப் பொதுத் திடல்களில் குடியேறும் 'ஆக்குபை' போராட்டம் நடந்தபோது போராட வந்தவர்களும் வீடில்லாதவர்களும் ஒரே திடலில் கூடாரம் போட்டுச் சேர்ந்து சமைத்ததில் பிறந்த யோசனை. நடத்தும் நிறுவனம் பிறகு நிரந்தரக் குட்டி வீடுகளும் கட்டியிருக்கிறது, குடியிருப்பவர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். மழையில் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

உள்ளே போய்ப் பார்த்தது வேறொன்று, ஒரு தேவாலயத்து வண்டி நிறுத்தத்தில் நின்ற கானஸ்டோகா குடில். பழைய காலத்தில் மேற்கே குடியேற வந்தவர்களின் கூண்டு வண்டி வடிவம், சக்கரம் மட்டும் இல்லை. மாட்டுக்கு வேலி போடும் கம்பி வலையை வில்லாக வளைத்து மேலே காப்புப் பஞ்சும் தார்ப்பாய் போன்ற ஒரு உறையும் போட்டிருக்கிறார்கள். ஆறுக்குப் பத்து. கரன்ட் இல்லை. பூட்டு உண்டு. இதையும் ஒரு உள்ளூர்த் தொண்டு நிறுவனம்தான் செய்து தருகிறது.

குடில்காரர் நாற்பதைத் தொட்டிருப்பார், வாங்க என்று உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, தான் வாசலில் குந்தினார். அவருடைய நாய் என் பையை மோந்தது. மனைவி கட்டிய சப்பாத்தியில் கடைசி இரண்டு, தக்காளித் தொக்கோடு, அப்படியே கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. அவர் பதறிப்போய் மன்னிப்பு மேல் மன்னிப்பு, தன் ரொட்டியை எடுத்து நீட்டுகிறார். நாய்க்குக் காரம் ஏறி இரண்டு கிண்ணம் தண்ணீர் குடித்தது. மூன்று நாள் பழைய சப்பாத்தி, அதைத் தின்றதற்கு அதுதான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன், அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இங்கிருந்து தெற்கே இரண்டரை மணி நேரத்தில் கிரான்ட்ஸ் பாஸ். பொது இடத்தில் படுத்தால் அபராதம் போடலாம், தண்டிக்கலாம், அது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று இந்த ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்ன வழக்கு அந்த ஊருடையது. அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. "முன்னாடி படுக்க வேற இடம் இல்லன்னா விட்டுடுவாங்க, இப்ப அதையெல்லாம் பாக்க வேணாம்" என்றார். எத்தனை நாள் என்ற கேள்வியை இவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 20, புதன். பெல்வியூ

திங்கட்கிழமை காய்ச்சலோடு வந்து சேர்ந்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை, மனைவி எல்லாம் சொன்னாள்.

நேற்று சாயங்காலம் காற்று ஆரம்பித்தது. இப்படி ஒரு காற்றை நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் புயல்களில்தான் கேட்டிருக்கிறேன். ஊசியிலை மரங்கள் ஒவ்வொன்றும் நூறடி, அவை முறிந்து கம்பிமேல் விழ, எட்டு மணிக்குள் தெருவே இருட்டு. மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் கரன்ட் இல்லை. அடுப்பு கரன்ட், ஹீட்டர் கரன்ட், கார் நிறுத்தும் கதவுகூடக் கரன்ட், வண்டியை வெளியே எடுக்க மாப்பிள்ளை அரை மணி நேரம் சங்கிலியோடு போராடினார்.

மேல்மாடியில் நாலு படுக்கையறை. குளிரில் யாராலும் படுக்க முடியவில்லை. கணப்பு இருக்கும் கூடத்தில் ஒரு மூலையை மெத்தைகளால் தடுத்து ஐந்து பேரும் ஒன்றாகப் படுத்தோம், பேரனுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து பாதத்தால் அளந்தேன். பத்துக்குப் பதினொன்று இருக்கும்.

காலையில் கதவைத் தட்டும் சத்தம். எதிர்வீட்டுக்காரர், நான் வந்து ஆறு வாரத்தில் கையைக்கூட ஆட்டாதவர், இரண்டு கை நிறைய விறகோடு நிற்கிறார். அவர் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறதாம், சமைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் கொண்டுவரலாமாம். அவர் பெயர் என்னவென்று மகளுக்கும் தெரியவில்லை. மனைவி மிளகு ரசத்துக்குப் புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள், பின்னாலேயே பேரன் அரிசிப் பாத்திரத்தோடு. நான் போகும் முன் அவர்கள் வாசற்கதவைப் பார்த்தேன், ராத்திரிக் காற்றில் நிலை நகர்ந்து அடியில் உரசிக்கொண்டிருந்தது. வீட்டில் இழைப்புளி இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டால், அப்படியென்றால் என்ன மாமா என்கிறார்.